தோலுக்கு லைட் வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் சித்தி மகளுக்குக் கழுத்தில் வெண்புள்ளி வந்தபோது, மார்த்தாண்டத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் ஆன்லைனில் சிவப்பு வெளிச்சம் வரும் முகமூடி வாங்கி அனுப்பினார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் அதை நம்பியே மூன்று மாதம் போனது. தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சையும் அத்தனை நாள் தள்ளிப்போனது.

பலரும் செய்கிற தவறுதான் இது. "எந்த லைட் நல்லது?" என்று கேட்கிறோம்; எந்த நோய்க்கு என்று கேட்பதில்லை. வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் தோல் டாக்டர்கள் பெரும்பாலும் வைப்பது 311 நானோமீட்டர் அலைநீளம் உள்ள புற ஊதாக் கதிர். முகமூடியில் வருவது வெறும் எல்இடி வெளிச்சம். அதில் நீலம், பருவை வளர்க்கும் பாக்டீரியாவைக் கொல்லும். சிவப்பு, வீக்கத்தையும் சுருக்கத்தையும் ஓரளவு குறைக்கலாம். புற ஊதாவின் இடத்தில் இவற்றை வைக்க முடியாது. முகத்தில் மங்கு (கருந்திட்டு) இருப்பவர்கள் நீலத்தை டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். நம் மாநிறத் தோலில் அது கருமையைக் கூட்டக்கூடும்.

"இங்கே அடிக்கிற வெயில் போதாதா?" என்றும் கேட்பார்கள். கார்போகரிசி என்ற மூலிகை விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது பழைய வழக்கம். அதை நான் மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டேன். அந்த விதையில், தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரையாகக் கொடுத்து, அப்புறம் யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர் வைக்கும் சிகிச்சையும் சோராலென் வகை மருந்தை வைத்துத்தான். பயம் அளவில்தான். அங்கே மருந்துக்கும் கதிருக்கும் கணக்கு உண்டு; முற்றத்தில் நிற்கும்போது எந்தக் கணக்கும் இல்லை. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் இருக்கிறது. இந்த உச்சி வெயிலில் சீக்கிரமே கொப்புளம் எழும்பிவிடும். வெண்புள்ளி உள்ளவருக்குத் தோல் புண்பட்டால், அந்த இடத்திலேயே புதிதாக வெள்ளை விழலாம்.

சாப்பிடும் மருந்துகளை மறைக்காதீர்கள். பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் போன்றவை தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கதிர் வைக்கும்போது கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடியைக் கழற்றவே கூடாது.

அப்புறம், நாள் தவறுவது. வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, அடுத்தடுத்த நாளில் இல்லாமல் வைக்க வேண்டும். குளச்சலில் இருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி வருபவர்களுக்கு இது லேசான காரியம் இல்லை. இடையில் சில வாரம் விட்டுப்போனால் அதைச் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைத்து மறுபடி தொடங்குவார்கள். சொல்லாமல் பழைய அளவையே வைத்தால் தோல் வெந்துவிடும். முகமும் கழுத்தும் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும். விரல் நுனியும் உதடும் அவ்வளவாகக் கேட்காது. இது தெரிந்தால் வீணாக மனம் உடைய வேண்டியதில்லை.

சித்தி மகள் கதிர் வைக்கத் தொடங்கிய இரண்டாம் மாதமே "போதும்" என்றாள். கெஞ்சித்தான் கூட்டிப்போனோம். நாலாம் மாதம் அந்த வெள்ளைக்குள், மயிர்க்கால்களைச் சுற்றி, மிளகுப்பொடி தூவியதுபோல நிறம் எட்டிப்பார்த்தது.