ஸ்ட்ரான்ஷியம் மூலக்கூறைக் கடிகாரமாக்குவது எப்படி

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: லாட்டிஸ் லேசரோடு, அதாவது மூலக்கூறுகளை ஒளி அலைகளாலான பொறியில் பிடிக்கும் லேசரோடு, நன்றாகப் பழகுங்கள். மூலக்கூறைப் பிடித்து வைத்திருப்பதும் அந்த ஒளிதான், கடிகாரத்தைக் கெடுப்பதும் அதுதான்.

இரண்டு ஸ்ட்ரான்ஷியம்-88 அணுக்கள் சேர்ந்து அதிர்வதுதான் நம் கடிகாரத்தின் துடிப்பு. உலையிலிருந்து வரும் அணுக்களை 461 நானோமீட்டர் நீல ஒளியால் மெதுவாக்குங்கள். 689 நானோமீட்டர் சிவப்பு ஒளி அவற்றை மைக்ரோகெல்வின் (தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் பத்து லட்சத்தில் சில பங்கு) வரை குளிர்விக்கும். அப்புறம் லாட்டிஸில் ஏற்றி, 689-க்கு அருகே ஒரு லேசர் துடிப்பால் ஜோடி சேர்க்கலாம். அணுக்கடிகாரத்தில் கைப்பழக்கம் உள்ளவருக்கு இதுவரை புதிதாக எதுவுமில்லை.

கிடைக்கும் மூலக்கூறுகள் தளர்வாகப் பிணைந்தவை. அவற்றை மிக ஆழமான அதிர்வு நிலைக்கு இறக்க இரண்டு லேசர்கள் வேண்டும். அந்த லேசர்களின் அதிர்வெண் வித்தியாசம்தான் கடிகாரத் துடிப்பு; சுமார் 31.8 டெராஹெர்ட்ஸான அதை ஃப்ரீக்வென்சி கோம்ப் (ஒளியின் அதிர்வெண்ணை அளக்கும் லேசர் அளவுகோல்) வைத்து அளக்கிறோம்.

சிக்கல் இங்கேதான். தளர்ந்த நிலையும் ஆழ்ந்த நிலையும் லாட்டிஸ் ஒளியை ஒரே மாதிரி உணர்வதில்லை. அதனால் பொறிக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் இருக்கும் இடத்தைப் பொறுத்து வேறு அதிர்வெண் காட்டும், நிறமாலைக் கோடு (அதிர்வெண்ணைக் காட்டும் உச்சம்) அகன்றுவிடும். இதற்கு வழி உண்டு. லாட்டிஸ் அலைநீளத்தை 1005 நானோமீட்டர் பக்கம் கொண்டுபோய், ஒரு குறுகிய ஒத்ததிர்வுக்கு (மூலக்கூறு ஒளியை வலுவாக உணரும் அதிர்வெண்ணுக்கு) அருகில் நிறுத்துங்கள். அங்கே இரண்டில் ஒரு நிலைக்கு லாட்டிஸ் ஒளி தரும் ஆற்றல் விலக்கம் செங்குத்தாக ஏறி இறங்கும், இரண்டும் சமமாகும் புள்ளி கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்க, கோட்டை இரண்டு லாட்டிஸ் ஆழங்களில் (ஒளிச் செறிவுகளில்) மாறி மாறி எடுங்கள். மையம் நகர்ந்தால் லாட்டிஸ் அதிர்வெண்ணைக் கொஞ்சம் தள்ளி மறுபடி எடுங்கள். நகராதபோது புள்ளி கிடைத்துவிட்டது. ஒத்ததிர்வை மிக நெருங்கினால் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடித்துத் தொலைந்துபோகும். கொஞ்சம் தள்ளி நிற்க இடம்தரும் ஒத்ததிர்வையே நான் தேர்வு செய்வேன். லாட்டிஸ் லேசரையும் கோம்புக்கே பூட்டிவிடுங்கள்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டான்யா ஸெலெவின்ஸ்கி குழு 2019-ல் இப்படித்தான் வேறொரு, 25 டெராஹெர்ட்ஸ் தாவலில் 30 ஹெர்ட்ஸ் அகலக் கோட்டை எட்டியது. 2023-ல் அவர்களுடைய முறைசார் நிச்சயமின்மை (அளக்கும் முறையிலிருந்தே வரக்கூடிய பிழையின் விகிதம்) 4.6×10⁻¹⁴. சிறந்த அணுக்கடிகாரங்கள் 10⁻¹⁸-ஐத் தொட்டுவிட்டன, உண்மைதான். ஆனால் மூலக்கூறின் அதிர்வு அணுக்கருக்களின் நிறையைப் பொறுத்தது. எலெக்ட்ரான்-புரோட்டான் நிறை விகிதம் காலப்போக்கில் மாறுகிறதா என்று நேரடியாகக் கேட்க இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

கடைசியில், எஞ்சிய தளர்ந்த மூலக்கூறுகளை ஒளியால் பிரித்து அணுக்களாக்கி, 461-லேயே படமெடுத்து எண்ணுங்கள். இறக்கும் லேசர்களின் செறிவையும் மாற்றி அளந்து, செறிவு சுழியானால் அதிர்வெண் என்னவாகும் என்று நீட்டிப் பார்த்த பிறகே எண்ணை நோட்டில் எழுதுங்கள்.