பழைய லேப்டாப்பை விற்கும் முன் பலர் செய்யும் தவறுகள்

பழைய லேப்டாப்பை விற்பவர்கள் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வார்கள், ஒரு குவிக் ஃபார்மேட் போடுவார்கள், அவ்வளவுதான். திரையில் டிரைவ் காலியாகத் தெரியும். உண்மையில் போனது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும். பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தையே எரித்ததாக நினைப்பது போலத்தான் இது. இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே பலவற்றைத் திரும்ப எடுத்துவிடும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. ஒன்று ஏடிஎம் இயந்திரத்தில் இருந்தது. கணக்கு எண்கள் அப்படியே கிடைத்தன.

சரி, அழிப்பதிலேயே மிகையாகப் போகிறவர்களும் உண்டு. ‘35 தடவை மேலெழுத வேண்டும்’, அதாவது பழைய தரவின் மேல் வேறு எதையாவது அத்தனை முறை எழுதி மூட வேண்டும் என்பார்கள். கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் இது. அன்றிருந்த பலவகை டிரைவ்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று அவரே பிற்பாடு சொல்லிவிட்டார். முழுதாக ஒருமுறை மேலெழுதினாலே போதும். ராத்திரி முழுக்க மின்விசிறி இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

பெரிய குழப்பம் எஸ்எஸ்டியில்தான், அதாவது சுழலும் தட்டுகள் இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிரைவில். அங்கே மேலெழுதுவது என்பதே ஏமாற்று. நாம் ஒரு கோப்பின் மேல் எழுதுவதாக நினைக்கும்போது, உள்ளிருக்கும் கன்ட்ரோலர் புதியதை வேறு இடத்தில் எழுதிவிட்டுப் பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும். சில்லுகள் சீராகத் தேய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நம் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. எனவே தயாரிப்பாளரின் மென்பொருள் வழியாகவோ கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பு வழியாகவோ ‘செக்யூர் இரேஸ்’ கட்டளை கொடுப்பதே வழி. இன்னும் நல்லது, வாங்கிய அன்றே சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டும், விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தைப் போட்டுவிடுவது. பிறகு சாவியை அழித்தால் மிச்சம் வெறும் குப்பை. விற்கும் நாளில் போட்டால், முன்பு எழுதியவை எங்காவது மூலையில் கிடக்கலாம்.

காந்தத்தை வைத்துத் தேய்ப்பது எஸ்எஸ்டியை ஒன்றும் செய்யாது. வீட்டுக் காந்தத்துக்கு ஹார்ட் டிஸ்க்கும் அசையாது. எஸ்எஸ்டியில் டிரில்லால் ஒரு ஓட்டை போட்டாலும், நினைவகச் சில்லில் படாவிட்டால் ஓட்டை மட்டும்தான் மிச்சம்.

அப்புறம், ‘ஓடவே இல்லையே’ என்று பழைய இரும்புக் கடைக்குப் போடும் டிஸ்க். பல நேரம் செத்திருப்பது சர்க்யூட் போர்டு மட்டும்தான். தட்டுகளில் எழுதியது நலமாக இருக்கும். அதை மேலெழுதவும் முடியாது. திறந்து தட்டுகளை உடைத்துவிட்டுப் போடுங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் சிதறும், கண்ணுக்குக் காப்பு அணிந்துகொள்ளுங்கள்.