ஆம்ப் இரையுதா? கழட்டாதீங்க, முதல்ல எர்த்தைப் பாருங்க

கிடார் ஆம்ப்ல, அதாவது ஆம்ப்ளிஃபையர்ல, "ம்ம்ம்"னு இரைச்சல் வந்தா உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீங்க. கிடார் கேபிளை ஆம்ப்ல இருந்து உருவிட்டு வால்யூமை ஏத்திப் பாருங்க, சத்தம் நின்னுபோச்சுன்னா பெரும்பாலும் ஆம்ப் நல்லாதான் இருக்கு, கோளாறு கேபிள்லயோ கிடார்லயோ வீட்டு கரண்ட்லயோ இருக்கும். வேற கேபிள் மாட்டிப் பாருங்க. அப்புறம் கிடார் கம்பி மேல கை வைங்க, குறைஞ்சா கிடார் உள்ள கிரவுண்ட் ஒயர் சரியா இருக்கு, மாறவே இல்லைன்னாலோ கை வச்சதும் ஏறுச்சுன்னாலோ பிரிட்ஜுக்கு (கிடார் உடம்புல கம்பி மாட்டியிருக்கற பாகம்) அடியில வர்ற ஒயர் விட்டுப்போயிருக்கலாம், அப்படின்னா அதை ஒரு சால்டர்ல முடிச்சிடலாம்.

எங்க வீடு பாலக்கோடு பக்கம், ரெண்டடி தோண்டினா பாறை. போன சித்திரையில ஆம்ப் ஒரே இரைச்சல், கொல்லைல எர்த் குழி மேல இருந்த கல்லை நகர்த்திப் பார்த்தா மண்ணு காஞ்சு வெடிச்சு பைப்பைச் சுத்தி விரல் நுழையற அளவுக்கு சந்து, மேல கிளாம்ப் பூரா துரு. எலக்ட்ரீஷியன் வந்து துருவைச் சுரண்டி டைட் பண்ணி, கரியும் உப்பும் போட்டு நாலு குடம் தண்ணி ஊத்தினாரு, அன்னைக்கு சாயங்காலமே இரைச்சல் பாதிக்கு மேல அடங்கிருச்சு. கோடையில வாரம் ஒரு தடவை அங்க தண்ணி ஊத்துங்க. எர்த் பின்னை ஒடிச்சா சத்தம் போயிடும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, உசுரைக் காக்கறதே அந்த பின்தான். சர்ச்லயோ கச்சேரியிலயோ கம்பியைப் பிடிச்சுகிட்டு மைக்ல வாய் வைக்கும்போது சுள்ளுனு அடிச்சா அப்பவே நிறுத்திடுங்க. சவுண்ட் மிக்ஸரும் ஆம்பும் வேற வேற கரண்ட் போர்டுல இருந்தாலும் இரையும், ரெண்டையும் ஒரே போர்டுல மாட்டிப் பாருங்க. ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி லைட்டெல்லாம் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க, கிடார்ல கம்பிக்கு அடியில சத்தத்தை வாங்கற பிக்கப் ஒரே காயில் வச்ச சிங்கிள் காயில் வகைன்னா இதையெல்லாம் நல்லா இழுக்கும், கிடாரோட கொஞ்சம் திரும்பி நின்னாலே வித்தியாசம் தெரியும்.

கேபிளை உருவின பிறகும் கர்ர்ருனு ஓடுச்சுன்னா பவர் சப்ளை கெபாசிட்டர் போயிருக்கலாம், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது டிசி ஆகும்போது சரியா வடிகட்டலன்னா 100 ஹெர்ட்ஸ்ல உறுமும். இதுல மட்டும் நீங்க கை வைக்காதீங்க, வால்வ் ஆம்ப்ல (கண்ணாடி வால்வு வச்ச ஆம்ப்) பிளக்கை உருவின பிறகும் 300, 400 வோல்ட் உள்ள நிக்கும், மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க.

நாபைத் திருப்பும்போது மட்டும் கரகரன்னா அது தூசி. வால்வ் ஆம்ப் இல்லைன்னா, பிளக்கை உருவிட்டு, பின்னால இடம் தெரிஞ்சா நாபுக்குப் பின்னாடி இருக்கற பொட்டென்ஷியோமீட்டருக்குள்ள காண்டாக்ட் கிளீனர் அடிச்சு இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்க, நல்லா காஞ்ச பிறகு ஆன் பண்ணுங்க.