ஓசிடிக்குச் சிகிச்சை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு ஓசிடி உண்டு. வேண்டாத எண்ணமும் சந்தேகமும் விடாமல் வருவது, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது என்று போகிற மனநோய் அது. சிகிச்சை எடுத்த பிறகு வேலை, வீடு என்று நாள் சாதாரணமாகப் போகிறது. அதனால் ஈரோடு, பெருந்துறை, சென்னிமலைப் பக்கம் யாருக்காவது இந்தத் தொல்லை என்றால், “அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாருங்க” என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நான் அலைந்த அதே தெருக்களில்தான் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

மாத்திரையை நடுவில் விடாதீர்கள், கூகுளில் நோயைத் தேடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கை கழுவினால்தான் ஓசிடி என்று நினைப்பது

சாமி கும்பிடும்போது அசிங்கமான எண்ணம் வருவது, பெற்ற குழந்தையை நாமே ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயந்து அரிவாள்மனையை ஒளித்துவைப்பது, மனசுக்குள்ளேயே ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி ‘சரிசெய்வது’ எல்லாமே ஓசிடியாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் கோயிலில் பூ கேட்கும் வழக்கம் உண்டு, எந்த நிறப் பூ வருகிறதோ அதுதான் சாமியின் பதில். வெள்ளைப் பூ வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வெள்ளையே வந்த பிறகும், “மனசு சுத்தமா இல்லாம கேட்டுட்டேனோ” என்று மறுபடி மறுபடி பூ கேட்ட ஒரு அம்மாவைத் தெரியும். வீட்டில் அதைப் பக்தி என்றே நினைத்திருந்தார்கள். இதையெல்லாம் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ மட்டும் மருந்து எழுதி அனுப்பிவிடுவார்.

ஆறுதல் சொல்லும் கவுன்சிலிங்கில் வருடத்தைக் கரைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிற தம்பி ஒருவர். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கினால் போதும், “ஆளு மேல ஏத்திட்டமோ?” என்று சந்தேகம் வந்துவிடும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தே திரும்பிப் போய்ப் பார்ப்பார். டயரில் டார்ச் அடித்துப் பார்ப்பார். கிளீனரிடம் கேட்பார். அவன் “இல்லீங்ணா” என்றால் பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் அவன் சரியாகப் பார்த்தானா என்று அடுத்த சந்தேகம்.

ஈரோட்டில் ஒரு கவுன்சிலரிடம் வாரம் தவறாமல் போனார். அந்த மனிதர் அன்பாகப் பேசுவார். “நீங்க யாரையும் இடிக்கலை. இடிச்சிருந்தா சத்தம் கேட்டிருக்கும், ஜனம் கூடியிருக்கும்” என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். தம்பி முகம் தெளிந்து வெளியே வருவார். பள்ளிபாளையம் பாலம் தாண்டுவதற்குள் சந்தேகம் திரும்ப வந்துவிடும். ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்பார். அவரும் பதில் போடுவார். எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிவிட்டுக்கொள்ளச் சொல்லி மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட் வேறு. தோல் சிவந்து தடித்திருந்தது.

“ஏனுங்க்கா, அவரு நல்லாத்தானுங்க பேசுறாரு, அப்புறம் ஏன் சரியாக மாட்டேங்குது?” என்று கேட்டார்.

நல்லாப் பேசியதுதான் வினை. ஓசிடியில் ஒரு சந்தேகம் வரும், அதைத் தணிக்க ஒரு செயல் நடக்கும், கொஞ்ச நேரம் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி. திரும்பிப் போய்ப் பார்ப்பது, கிளீனரைக் கேட்பது, கவுன்சிலரைக் கேட்பது மூன்றும் ஒரே வேலைதான். கடைசியில் சொன்னதற்குக் காசும் கொடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணத்தை அடக்க அடக்க அது கூடத்தான் செய்யும். ரப்பர் பேண்டால் புண் தவிர ஒன்றும் வராது.

ஓசிடிக்கு என்றே நிரூபிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சை ஈஆர்பி. பயத்தை எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருந்து பழகுவது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-ல் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து எழுதினார். அதற்கு முன்பு வரை ஓசிடி என்றாலே தீராது என்று கைவிடும் நிலைதான் இருந்தது.

பிறகு தம்பிக்குக் கிடைத்த உளவியலாளர் முதலில் பயங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுதச் சொன்னார். காலி ரோட்டில் ஒரு வேகத்தடை, பிறகு கடைவீதி, பிறகு பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று பட்டியல் போனது. ஓட்டும்போது கண்ணாடியைத் தேவைக்குப் பார்க்கலாம். சந்தேகம் தீர்க்கப் பார்க்கக் கூடாது. திரும்பிப் போகக் கூடாது, கிளீனரைக் கேட்கக் கூடாது. “இடிச்சிருப்பனோ?” என்று கேட்டால், “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்பதுதான் அந்த உளவியலாளரின் பதில். முதல் வாரம் தம்பிக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். பழகப் பழக, சந்தேகத்துக்குப் பதில் கிடைக்காமலே பதற்றம் தானாக இறங்குவதை அவரே பார்த்தார்.

ஆகவே அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்: ஓசிடிக்கு என்ன முறையில் செய்வீர்கள்? ஈஆர்பி செய்து பழக்கம் உண்டா? வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சி கொடுப்பீர்களா? “மனசு விட்டுப் பேசுவோம், பாசிட்டிவா யோசிக்கப் பழகுவோம்” என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வாசல் போர்டில் கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதிவு இருந்தாலும் ஈஆர்பி தெரியுமா என்பதைத் தனியாகக் கேட்கத்தான் வேண்டும்.

மூச்சுப் பயிற்சியையே சிகிச்சை என்று நம்புவது

உடம்புக்கு நல்லது. ஓசிடிக்குப் போதாது.

மாத்திரையா தெரபியா என்று கட்சி கட்டுவது

இரண்டும் வேலை செய்யும். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்த்தே தேவைப்படும். ஓசிடிக்கு வழக்கமாக எழுதுவது எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை மாத்திரைகள். இவற்றை மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவில் கொடுப்பார்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பக்கத்து வீட்டுக்காரர் அதே மாத்திரையைப் பாதி அளவில் சாப்பிடுகிறார் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம், அவருக்கு வேறு நோயாக இருக்கலாம்.

வீட்டாரை வெளியே உட்காரவைப்பது

மகள் கழுவுகிறாள் என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புகிற அப்பாவும், “கதவு பூட்டியாச்சு கண்ணு” என்று இருபது தடவை சொல்கிற அம்மாவும் பாசத்தில்தான் செய்கிறார்கள். நோய் அதில்தான் வளர்கிறது. ஒரு செஷனுக்காவது அவர்களை உள்ளே கூப்பிடச் சொல்லுங்கள். எதை, எவ்வளவு வேகத்தில் நிறுத்துவது என்பதை உளவியலாளரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரே நாளில் மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

“நம்ம ஊர்ல ஆள் இல்லீங்க” என்று விட்டுவிடுவது

ஈஆர்பியை வீடியோ காலிலும் செய்யலாம். சில பயங்களுக்கு அதுவே வசதி, ஏனென்றால் அந்தக் குழாயும் அந்தக் கதவும் வீட்டில்தானே இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். பெங்களூரில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. ஈரோட்டில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்விடலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.