ஜெர்மனி கெம்னிட்ஸ்ல வெப் இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ் பண்ண வந்தவங்களுக்கு

வந்து இறங்கியாச்சுல்ல, டைம்டேபிள் பாக்கறதுக்கு முன்னாடி லெட்டர் பாக்ஸ்ல உங்க பேரை ஒட்டுங்க. சிரிக்காதீங்க. ஜெர்மனில டாக்ஸ் ஐடில இருந்து எல்லாம் தபால்லதான் வரும், பாக்ஸ்ல பேரு இல்லன்னா திரும்பிப் போயிடும். நம்ம பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேருதானே இருக்கு, அதனால லெட்டர் அப்பா பேருக்கு வந்து நிக்கும், ரெண்டு பேரையும் சேர்த்தே ஒட்டிடுங்க.

குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள ஆன்மெல்டுங், அதாவது அட்ரஸ் பதியறது. வாடகை அக்ரிமெண்ட் மட்டும் பத்தாது, வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட தனி ஃபார்ம் ஒண்ணு வேணும், சாவி வாங்கறப்பவே கேட்டு வாங்கிக்கோங்க.

படிப்பு 4 செமஸ்டர், 120 கிரெடிட், இங்கிலீஷ்லதான். ஆனா கலர், லேஅவுட்னு நெனச்சு வந்துடாதீங்க, இது கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மெண்ட் நடத்தற கோர்ஸ். கிளாஸுக்குப் போனா மட்டும் எக்ஸாம் எழுத விடமாட்டாங்க, அதுக்கு தனியா ரிஜிஸ்டர் பண்ணணும், கடைசி தேதிய விட்டா அந்த செமஸ்டர் அம்போதான். மார்க்கும் தலைகீழ், 1.0தான் டாப், 4.0 ஜஸ்ட் பாஸ், வீட்ல 1.3 வாங்கினேன்னு சொல்றதுக்கு முன்னாடி இதை விளக்கிடுங்க.

அப்புறம் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்க பண்ணின வேலையெல்லாம் காட்டற உங்க சைட். ஊர்ல பண்ணினதை அப்படியே தூக்கிட்டு வந்து வேலைக்கு அனுப்பினா இங்க பாக்கறவன் முதல்ல கீழ ஃபுட்டரைத்தான் பாப்பான், இம்ப்ரெஸ்ஸும் (சைட் யாரோடதுன்னு பேரு, அட்ரஸ் போடற பக்கம்) இருக்கா, டேட்டா பாலிசி (பாக்கறவங்க டேட்டாவை என்ன பண்றீங்கன்னு சொல்ற பக்கம்) இருக்கான்னு. கூகுள் ஃபான்ட்டை நேரா அவங்க சர்வர்ல இருந்து இழுத்தா சைட் பாக்கறவரோட ஐபி அட்ரஸ் கூகுளுக்குப் போகுதுன்னு 2022 ஜனவரில மியூனிக் கோர்ட் ஒரு சைட்காரரை 100 யூரோ நஷ்டஈடு கொடுக்க வச்சுது, அதனால ஃபான்ட் ஃபைலை டவுன்லோட் பண்ணி உங்க ஹோஸ்டிங்லயே போடுங்க. 2025 ஜூன் 28ல இருந்து ஆன்லைன் கடை மாதிரி சைட்டுங்களுக்கு ஆக்சஸிபிலிட்டி சட்டமும், அதாவது மாற்றுத்திறனாளிகளும் சைட்டை யூஸ் பண்ண முடியணும்னு சொல்ற சட்டமும் வந்தாச்சு. மவுஸைத் தூக்கி ஓரமா வச்சுட்டு டேப் கீயை மட்டும் அழுத்தி உங்க சைட்ல மெனு, ஃபார்ம், பட்டன் எல்லாத்துக்கும் போக முடியுதான்னு பாருங்க, இன்டர்வியூல பேச நல்ல மேட்டர் கிடைக்கும்.

பார்ட் டைம்னா வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். யூனிவர்சிட்டிலயே ஹீவி (HiWi) வேலை, அதாவது ஸ்டூடண்ட் அசிஸ்டெண்ட் வேலை கிடைச்சா விடாதீங்க, ப்ரொஃபசரோட பழக்கம் ஆகும், தீசிஸுக்கு உதவும். கிளாஸ் இங்கிலீஷ்னு ஜெர்மனைத் தள்ளிப் போடறவங்கதான் இங்க நிறைய, ஆனா கெம்னிட்ஸ் இருக்கற சாக்ஸனி மாநிலத்துல சின்ன கம்பெனில கிளையண்ட்டோட மீட்டிங் ஜெர்மன்லதான் நடக்கும், முதல் செமஸ்டர்லயே யூனிவர்சிட்டி லாங்குவேஜ் கோர்ஸ்ல சேர்ந்துடுங்க, சீட்டு சீக்கிரம் காலியாயிடும்.