அக்ரிலிக் மேல் ஜெல் சரி, ஜெல் மேல் அக்ரிலிக் வேண்டாம்

ஒரே நகத்தில் அக்ரிலிக், ஜெல் என்று இரண்டு சிஸ்டம் போடலாமா என்று கேட்டால், தாராளமாகப் போடலாம். நீளத்துக்கு அக்ரிலிக், கலருக்கு ஜெல் பாலிஷ் என்று சலூன்களில் தினமும் நடப்பதுதான். எது அடியில் இருக்கிறது, எது மேலே வருகிறது என்பதில்தான் விஷயமே.

ஒவ்வொன்றும் இறுகும் விதம் வேறு. அக்ரிலிக்கில் லிக்விடும் பவுடரும் சேர்ந்ததுமே தானாக இறுக ஆரம்பித்துவிடும், யுவி அல்லது எல்இடி லேம்ப் தேவையில்லை. ஜெல் பாலிஷ், நகத்தை நீட்டவும் கெட்டியாக்கவும் போடும் பில்டர் ஜெல், பாலிஜெல் எல்லாவற்றுக்கும் லேம்ப் கட்டாயம். பசை தடவி பவுடரில் தோய்க்கும் டிப் பவுடர் தனி ரகம். அதன் பசை சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் குடும்பம், ஆக்டிவேட்டர் என்ற திரவம் பட்டால் இறுகும்.

அக்ரிலிக் மேல் ஜெல் போடுவதற்கு முதலில் அக்ரிலிக் முழுசாக செட் ஆக வேண்டும். பிரஷ்ஷின் கட்டையால் லேசாகத் தட்டிப் பாருங்கள், மந்தமாகக் கேட்டால் இன்னும் ஆகவில்லை, 'டக் டக்' என்று கேட்டால் ஃபைலை எடுக்கலாம். ஷேப் கொடுத்துவிட்டு 180 கிரிட் (சொரசொரப்பின் அளவு) ஃபைலில் மேற்பரப்பைச் சமப்படுத்தி அதோடு நிறுத்துங்கள். பளபளப்பு வரும்வரை தேய்த்தால் ஜெல்லுக்குப் பிடிமானம் இருக்காது. இந்தக் கட்டத்தில் க்யூட்டிக்கிள் ஆயில் பக்கமே போகாதீர்கள், அது கடைசியில். தூசியைத் தட்டி, பஞ்சு நூல் விடாத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தபிறகு விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அப்புறம் பேஸ் கோட், கலர் இரண்டு கோட், டாப் கோட், எல்லாமே மெல்லிசாக, ஒவ்வொன்றையும் லேம்பில் காட்டி.

தலைகீழாகப் போட்டால் ஏன் நிற்காது? லேம்பில் காட்டிய பிறகும் ஜெல்லின் மேல் ஒரு பிசுபிசுப்பு இருக்கும், காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்த மேல்படலத்தை இறுக விடாது. அதைத் துடைத்து ஃபைல் போட்டாலும், அடியில் வளைந்து கொடுக்கும் ஜெல் பாலிஷ், மேலே விறைப்பான அக்ரிலிக் என்றால் ஓரத்தில் தூக்கத் தொடங்கும். தூக்கின இடத்தில் தண்ணீர் தங்கினால் நகத்தில் பச்சைக் கறை, அது பாக்டீரியா வேலை. அதனால் இன்ஃபில், அதாவது நகம் வளர்ந்து விட்ட இடைவெளியை நிரப்பும் வேலை, செய்யும்போது சோம்பல்படாமல் பழைய ஜெல் கலரை அக்ரிலிக் தெரியும்வரை ஃபைல் செய்து எடுத்துவிடுங்கள்.

டிப் பவுடர் மேல் ஜெல் டாப் கோட் போடலாம்; டிப் செட்டோடு வரும் டாப்பைத் தவிர்த்துவிட்டு, ஆக்டிவேட்டர் காய்ந்ததும் ஃபைல் செய்து துடைத்துவிட்டுப் போடுங்கள். சாதாரண நெயில் பாலிஷ் மேல் மட்டும் ஜெல் கூடவே கூடாது, சுருங்கி உரிந்துவிடும். ஜெல் மேல் சாதாரண பாலிஷ் ஓகே, அசிட்டோன் இல்லாத ரிமூவரில் அழிக்கலாம்.

பிராண்டுகளைக் கலக்குவதில்தான் எனக்குப் பயம் அதிகம். ஒரு கம்பெனி ஜெல்லை இன்னொரு கம்பெனி லேம்பில் காட்டினால் மேலே இறுகி உள்ளே இறுகாமலே இருக்கலாம், வெளியில் தெரியாது. இறுகாத ஜெல் தோலில் படப்படத்தான் அலர்ஜி வருகிறது, வந்தால் ஆயுசுக்கும் இருக்கலாம். ஜெல்களில் வரும் ஹெமா என்ற பொருளை 2021 முதல் ஐரோப்பிய யூனியனில் தொழில்முறை உபயோகத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருப்பது இதனால்தான். தோலில் வழிந்தால் லேம்பில் வைப்பதற்கு முன்பே துடையுங்கள்.

கழற்றுவதையும் முன்கூட்டியே யோசியுங்கள். அக்ரிலிக், டிப், ஜெல் பாலிஷ் மூன்றும் அசிட்டோனுக்கு மசியும், ஹார்ட் ஜெல் (நீளத்துக்குப் போடும் கெட்டியான ஜெல்) மசியாது, ஃபைல்தான். பழைய செட் என்னவென்று தெரியவில்லையா? ஒரு நகத்தில் மட்டும் மேல் பளபளப்பை ஃபைல் செய்து, அசிட்டோன் பஞ்சு வைத்து ஃபாயில் சுற்றி 15 நிமிஷம் கழித்துப் பாருங்கள். கொழகொழவென்று குழைந்தால் அக்ரிலிக் அல்லது டிப், ஏடு ஏடாக உரிந்தால் ஜெல் பாலிஷ், அப்படியே இருந்தால் பெரும்பாலும் ஹார்ட் ஜெல். அதற்கு மேல் ஊறவைத்துத் தோலைக் காயவைக்காதீர்கள்.