பழைய கதைப் புத்தகத்தில் ராமபாணமா? பிரீசரில் வையுங்கள்

காதல் கதை எழுதும் எனக்கு உள்ள பெரிய பயம் பூச்சிதான். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை விட்டதும் வீட்டுச் சுவரே வியர்க்கும். புத்தகம் என்ன பாடுபடும்!

பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய அம்மா, தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பிலிருந்து வெட்டித் தைத்து வைத்த தொடர்கதைக் கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தப் பத்திரிகையே 2019-இல் நின்றுவிட்டது, இனி எங்கே போய் வாங்குவது? போன மாதம் பிரித்தால், நாயகன் கடிதம் நீட்டும் இடத்தில் தாள் சல்லடை. மடிப்பிலிருந்து வெள்ளி நிறத்தில், தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி ஒன்று நெளிந்து ஓடியது. அழுதுவிட்டேன்.

சரி, வழி இருக்கிறது. புத்தகம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுக மூடுங்கள். வீட்டு பிரீசரில், மைனஸ் 18 டிகிரியில், 2 வாரம் விடுங்கள். பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவே கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும்; அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். வெயிலிலும் காயப்போடாதீர்கள், பத்திரிகைத் தாள் பழுப்பேறி நொறுங்கும்.

பூஞ்சணத்தை இது கொல்லாது. அதற்கு நிழலில் காற்றாட உலர்த்தி, முகக்கவசம் போட்டு, வாசலில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். அப்புறம், அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

அம்மாவின் கட்டு இப்போது பிரீசர் மேல்தட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிறேன்.